ஆல்ப்ஸ் மலையில் ஒரு தேங்காய்

ஜூலை 11, வெள்ளி. சூரிக்

நாளைக் காலை மலையேறப் போகிறோம். நான்கு பேர். நான், என் மகள் கலைமதி, அவள் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் பையன் ஆவுடையப்பன், அவனுடைய அப்பா திரு. கோமதிநாயகம். பையனுக்கும் பெண்ணுக்கும் இந்த ஊரில் ஒரே அலுவலகத்தில் வேலை. இரண்டு அப்பாக்களும் சில நாள் சேர்ந்து நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர்கள் திட்டம். ஊரில் என்றால் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டபடி பேசி முடித்திருப்போம். இங்கே ஒரு மலைக்குடிலிலிருந்து அடுத்த மலைக்குடிலுக்கு மூட்டை சுமந்து நடந்து போய்ப் பேச வேண்டுமாம்.

எனக்கு நடை புதிதல்ல. திருவண்ணாமலையில் பிறந்து, மின்வாரியத்தில் செயற்பொறியாளராக ஓய்வு பெற்று, பௌர்ணமி தவறாமல் கிரிவலம் வந்த கால்கள் இவை. மலையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரு. கோமதிநாயகத்தை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. தென்காசியில் ஜவுளிக்கடை. நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உடம்பு.

இந்தச் சம்பந்தத்துக்கு நான் இன்னும் சரி சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். கடைசிக் குடிலில் பதில் சொல்கிறேன் என்று மதியிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் அந்த மனிதர் விமான நிலையத்திலேயே "வாங்க சம்மந்தி" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன்.

என் மனைவி செண்பகம் முட்டிவலியால் வரவில்லை. போனிலேயே எல்லா ஏற்பாடும் செய்கிறாள். "மனசுக்குப் புடிச்சிருந்தா அங்கியே தேங்காயை எடுத்து வச்சித் தாம்பூலம் மாத்திடுங்க. புடிக்கலன்னா வாயைத் தொறக்காம திருப்பிக் கொண்டாந்துடுங்க, மதி சட்னி அரைச்சிக்குவா" என்றாள். இங்குள்ள ஈழத்தமிழர் கடை ஒன்றில் நானே போய் ஒரு முழுத் தேங்காய் வாங்கினேன். துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது.

ஜூலை 12, சனி. முதல் குடில்

வந்து சேர்ந்தோம்.

இந்த மலையின் வானிலைக்கு ஒரு நிதானம் கிடையாது. மழைக்கோட்டைப் போட்டால் வெயில் அடிக்கிறது. கழற்றி மடித்துப் பைக்குள் வைத்து வாரை இறுக்கினால் தூறுகிறது. இப்படியே பகல் முழுக்க உடை மாற்றிக்கொண்டே ஏறினோம்.

நான் சந்தேகப்பட்டது போலவே ஆயிற்று. திரு. கோமதிநாயகத்தால் தொடர்ந்து ஏற முடியவில்லை. கொஞ்ச தூரம் போவார், நின்றுவிடுவார். ஒருமுறை பூவைப் போட்டோ எடுக்க, ஒருமுறை மாட்டைப் பார்க்க. மற்ற நேரமெல்லாம் ஷூ லேஸ். அறுபத்தைந்து வயதில் ஒரு மனிதருக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாதா? ஒவ்வொரு மேட்டின் நடுவிலும் "செத்த நில்லுங்க சம்மந்தி, லேஸ் அவுந்துட்டு" என்று குனிந்துவிடுவார். பாவம், மூச்சு வாங்குவதை மறைக்கிறார் என்று புரிந்துகொண்டு நானும் அவருக்காக நின்றேன். நிற்கும்போது பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் கண்ணை மூடினேன். அது பிராணாயாமம்.

குடிலில் நுழைந்ததும் எல்லோரும் பூட்ஸைக் கழற்றி அதற்கென்று இருக்கும் அறையில் வைத்துவிட்டு, அவர்கள் கொடுக்கும் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். இது நம் வீட்டு வழக்கம்தான். வெள்ளைக்காரன் தாமதமாகவாவது கற்றுக்கொண்டான். இரவுச் சாப்பாடு எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே மேசை, ஒரே சூப். படுக்கை மட்டும் கொஞ்சம் சங்கடம். நீளமான மேடையில் மெத்தைகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஜெர்மன்காரர், அந்தப் பக்கம் திரு. கோமதிநாயகம். மாப்பிள்ளையின் அப்பாவோடு ஒட்டிப் படுப்பது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?

ஜூலை 13, ஞாயிறு. இரண்டாவது குடில்

அவர் குறட்டை விடுகிறாரா என்று கவனிக்கச் செண்பகம் சொல்லியிருந்தாள். விடவில்லை. காலையில் அந்த ஜெர்மன்காரர் என்னை ஏன் அப்படி முறைத்தார் என்று தெரியவில்லை.

இன்று ஏற்றம் அதிகம். திரு. கோமதிநாயகத்தின் லேஸ் எண்ணற்ற முறை அவிழ்ந்தது. ஒரு இடத்தில் என் தண்ணீர் பாட்டிலையும் அவரே வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு பக்கமா இழுக்கு சம்மந்தி, வெயிட்டு சரியாவட்டும்" என்றார். அவருடைய பையின் எடையைச் சரிசெய்ய என் பாட்டில் உதவுமானால் எனக்கென்ன ஆட்சேபணை?

இன்னொன்றையும் கவனித்தேன். குடிலுக்கு வந்ததும் ஈரத்துணியில் சுற்றிய ஒரு சின்ன மூட்டையைப் பையிலிருந்து எடுத்து, மேல்துண்டால் மறைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். நேற்றும் இப்படித்தான் போனார். சில்லென்று வைக்கவேண்டிய மருந்து ஏதோ. சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறாரோ? இதையெல்லாம் பெண் வீட்டாரிடம் மறைப்பது சரியா? பரம்பரை வியாதி என்றால் நாளைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு அல்லவா வரும்?

சாப்பிடும்போது நான் என் கிரிவல அனுபவங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆவுடையப்பன் இடையில் புகுந்து, "எங்க அப்பாவும் மாமா, வருஷா வருஷம் அகத்தியர் ம..." என்று ஆரம்பித்தான். திரு. கோமதிநாயகம், "ஏல, சூப்பு ஆறுது, குடி. பெரியவுக பேசும்போது ஊடால என்ன பேச்சு?" என்று அதட்டிவிட்டு, "நீங்க சொல்லுங்க சம்மந்தி. பௌர்ணமிக்குப் பௌர்ணமியா? யாத்தே, கேக்கவே மலைப்பா இருக்கு" என்றார். குறை சொல்லக்கூடாது, கேட்கத் தெரிந்த மனிதர்.

சாப்பாடு முடிந்து வெளியே நின்றபோது மதி வந்தாள்.

"அப்பா, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"இன்னும் ஒரு குடில் இருக்கில்ல?"

"நீங்க வேணாம்னா நான் செய்ய மாட்டேன்ப்பா. உங்கள மீறி எதுவும் செய்ய மாட்டேன். ஆனா வேற யாரையும் பாருங்கன்னு மட்டும் என்கிட்ட சொல்லிடாதீங்க. அது முடியாது."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொல்லிவிட்டு, என் மப்ளரைச் சரியாகச் சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆவுடையப்பன் கெட்டவன் இல்லை. இரண்டு நாளாகப் பார்க்கிறேன், மதி சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அவன் ஸ்பூனை எடுக்கிறான். உண்மையைச் சொன்னால், அவனைவிட நல்ல பையன் வந்திருந்தாலும் எனக்குப் பிடித்திருக்காது. ஒரே பெண். இவனைக் கட்டிக்கொண்டால் இனி ஊர்ப் பக்கம் வரமாட்டாள் என்று பயமாக இருக்கிறது. இதை யாரிடம் சொல்வது?

ஜூலை 14, திங்கள். காலை

இந்தக் குடிலை நடத்துகிறவர் ரெகுலா என்ற அம்மையார். விடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு, பிற்பகல் இடி மழை வரும், கணவாயைத் தாண்டவேண்டியவர்கள் ஏழு மணிக்கே கிளம்புங்கள் என்றார். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் ஆரம்பம். கணவாய்க்கு ஏறும் நேரம் முழுக்க ராகுகாலத்தில் போகும். கல்யாணப் பேச்சின் கடைசிக் கட்டத்துக்குப் போகிறோம். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்பது மணிக்கு முடிந்துவிடும், கிளம்பலாம் என்றான் ஆவுடையப்பன். அங்கேதான் என் பொறியாளர் மூளை வேலை செய்தது. இந்த நாட்டில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள். ராகுவுக்கு அது தெரியுமா? எதற்கும் இருக்கட்டும் என்று பத்து மணிக்குக் கிளம்பச் சொன்னேன்.

"மழை வரும்னு அந்தம்மா சொல்லுதாகளே" என்று மெல்ல இழுத்தார் திரு. கோமதிநாயகம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சம்மந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது.

ரெகுலா அம்மையார் எங்களைப் பார்த்த பார்வையில்தான் மரியாதை இல்லை.

ஜூலை 14, திங்கள். மாலை. மறுபடியும் இரண்டாவது குடில்

கணவாயைத் தாண்டவில்லை. காரணம் திரு. கோமதிநாயகத்தின் உடல்நிலை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ராகுகாலம் கழித்துப் புறப்பட்டதால் பயணம் மிக நல்லபடியாகத் தொடங்கியது. கணவாய்க்குச் சற்றுக் கீழே போகும்போது மூடுபனி இறங்கிவிட்டது. வழிகாட்டப் பாறைகளில் பூசியிருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டை அடுத்த பாறையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பிறகு ஆலங்கட்டி. பிறகு இடி. கோடையில் ஐஸ் விழுகிற ஊரில் என்ன அழகைக் கண்டார்களோ!

பாறைகளுக்கு நடுவே பழைய பனி உறைந்து கிடந்த ஒரு சரிவு. அதன் பாதியில் நான் உட்கார்ந்தேன். வழுக்கும் இடத்தில் உட்காருவதுதான் பாதுகாப்பு. கால்கள் நடுங்கினது குளிரால்.

"அப்பா, எழுந்திரிங்க. மின்னல் அடிக்குது, திரும்பிப் போயிடலாம்" என்றாள் மதி. அவள் உதடு வெளுத்திருந்தது.

"நல்ல காரியத்துக்குன்னு கிளம்பிட்டுப் பாதியில திரும்பினா அபசகுனம். முன்ன வேணா போலாம், பின்ன வரமாட்டேன்" என்றேன்.

"அப்ப முன்னாடி போலாம், வாங்க."

அதற்கும் நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. மதி என்னையும் ஆவுடையப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் இந்த ஊருக்கு உங்களைக் கூட்டிட்டே வந்திருக்கக் கூடாது" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டாள். நான்கு பேரும் அந்த ஐஸ் மழையில் அப்படியே நின்றோம். அதாவது மூன்று பேர் நின்றார்கள்.

அப்போதுதான் திரு. கோமதிநாயகம் இடது மார்பைப் பிடித்துக்கொண்டு, "ஏல ஆவுடை, நெஞ்சு என்னமோ பண்ணுதுலே" என்றார். "சம்மந்தி, என்னால ஏற முடியாது. என்னை மன்னிச்சுக்கிடுங்க. கீழ கொண்டு விட்டுருவியளா?"

நோயாளி ஒருவரை இறக்கிக் கொண்டுபோவது சகுனத்தில் சேராது. மேலும் திரும்பச் சொன்னது பையன் வீட்டார், நான் இல்லை. உடனே எழுந்தேன். என் பை பாரமாக இருந்ததால் அதை ஒரு பாறையடியில் போட்டுவிட்டு, அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். வழி முழுக்க அவர் கை என் இடுப்பை இரும்பாகப் பிடித்திருந்தது. பல இடங்களில் என் கால் தரையிலேயே படவில்லை. நெஞ்சுவலிக்காரருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று டாக்டர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆவுடையப்பனைப் பற்றியும் எழுதியாக வேண்டும். பெற்ற தகப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறார். இந்தப் பையன் முகத்தில் ஒரு பதற்றம் இல்லை. மதியின் பையையும் தூக்கிக்கொண்டு முன்னால் போய் வழி பார்த்தானே தவிர, ஒருமுறைகூட "அப்பா, எப்படி இருக்கு?" என்று கேட்கவில்லை. கல் நெஞ்சுக்காரன். குடிலில் ரெகுலா அம்மையார் ஹெலிகாப்டருக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டாம், அப்பாவுக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிட்டான். நோயாளி இரண்டு தட்டு சூப்பும் அதற்குமேல் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்.

இனிமேல் நடை வேண்டாம், நாளைக் காலை நேராகப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடலாம் என்று முடிவாகிவிட்டது. ஆக, இதுதான் கடைசிக் குடில். காலையில் மதிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏறமுடியாத உடம்பு, மறைத்து வைக்கிற மருந்து, நெஞ்சுவலி, பாசமில்லாத பையன். எல்லாவற்றுக்கும் மேல், தேங்காய் இருந்த பை மலைமேலேயே போய்விட்டது. இதைவிடத் தெளிவாகக் கடவுள் எப்படிச் சொல்ல முடியும்? வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

மதி என் ஈரச் சாக்ஸைத் துவைத்து அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டிருக்கிறாள்.

ஜூலை 15, செவ்வாய். காலை

வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. நேற்று அடித்த கூத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி.

என் பூட்ஸை எடுக்கப் போனேன். பூட்ஸ் அறையில் என் கொக்கியில் என் பை தொங்கிக்கொண்டிருந்தது. கை விட்டுப் பார்த்தேன். துண்டுக்குள் தேங்காய் பத்திரமாக இருந்தது.

நேற்று எல்லோருடைய பூட்ஸையும் ரெகுலா அம்மையார் சூடான குழாய்களில் மாட்டியிருந்தார். எல்லாம் காய்ந்து விறைத்திருந்தன. ஒரு ஜோடி மட்டும் சொட்டச் சொட்ட ஈரம். அடியில் பனி ஒட்டியிருந்தது. லேஸைப் பார்த்தேன். கப்பல்காரன் போடுகிற மாதிரி இரட்டை முடிச்சு, அவிழ்க்காமலே காலை உருவியிருக்கிறார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. இந்த முடிச்சு தானாக அவிழவே அவிழாது.

அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். நேற்று நாங்கள் ஏறின ஏற்றத்தை ஒரு மனிதர் விடியலில் தனியாக ஏறி, எல்லோரும் கண்விழிப்பதற்குள் இறங்கியும் வந்திருக்கிறார். நெஞ்சுவலிக்காரர்!

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

சாப்பாட்டு மேசையில் அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

"என் பை வந்திருக்கே சார், யார் எடுத்துட்டு வந்தது?"

"அப்படியா! ராத்திரிக் காத்து பலமா அடிச்சுது, உருண்டு வந்திருக்கும்" என்றார், நிமிராமல்.

"நெஞ்சு எப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல, வாயுப் பிடிப்பு. உங்க புண்ணியத்துல இறங்கி வந்துட்டோம்."

ஆவுடையப்பன் சிரிப்பை மறைக்கக் காபிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து, "உங்க அப்பா வருஷா வருஷம் எந்த மலை ஏறுவாருன்னு அன்னிக்குச் சொல்ல வந்தியே, என்ன மலை?" என்று கேட்டேன். அவன் தன் அப்பாவைப் பார்த்தான். அவர் ரொட்டியைப் பார்த்தார். எனக்குப் பதில் தேவைப்படவில்லை.

எழுந்துபோய்த் தேங்காயைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். ஜாம் பாட்டிலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவில் அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. மதி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தாம்பூலம் மாத்திக்கலாம் சம்பந்தி" என்றேன். "வெத்தலை பாக்குதான் இல்ல."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த ஈரத்துணி மூட்டையோடு திரும்பி வந்தார். உள்ளே வெற்றிலை. ஓரம் கருத்து, நடுவில் இன்னும் பச்சையாக. கூடவே கொட்டைப்பாக்கு.

"ஆவுடை அம்மா குடுத்துவிட்டா. மொத நாளே குடுத்துரணும்னுதான் இருந்தேன். நீங்க மூஞ்சிய உர்ருனு வச்சிருந்திய, பயமா இருந்துச்சு. வாடிரக் கூடாதேன்னு தெனமும் தண்ணி தெளிச்சு வச்சேன்."

தேங்காயைக் குடிலின் வாசற்படிக் கல்லில் நான்தான் உடைத்தேன். சத்தம் கேட்டு ரெகுலா அம்மையார் பாறை சரிந்துவிட்டதென்று ஓடிவந்தார். இரண்டு சரி பாதியாக விண்டது. ஆளுக்கு ஒரு பத்தை கொடுத்தோம், மழைக்குப் பயந்து இதே குடிலில் தங்கிவிட்ட அந்த ஜெர்மன்காரருக்கும். அவர் பாலாடைக்கட்டியோடு சேர்த்துத் தின்றுவிட்டு முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மதி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. "மாசத்துக்கு ஒரு தடவையாவது முகத்தைக் காட்டணும், போன்ல இல்ல, நேர்ல" என்றேன். "ஃப்ளைட் டிக்கெட் எவ்வளவுன்னு தெரியுமாப்பா?" என்று சிரித்தாள். வருஷத்துக்கு இரண்டு முறை என்று முடிந்திருக்கிறது. நான் இன்னும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை தாம்பூலம் மாற்றியிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைக்கிறது. ராகுகாலமும் பார்க்கவில்லை. செண்பகத்திடம் புதன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 15, செவ்வாய். மாலை. பள்ளத்தாக்கு

இறங்கி வந்துவிட்டோம். பிள்ளைகள் இருவரும் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். நானும் சம்பந்தியும் பின்னால்.

விடியற்காலையில் ஏறி இறங்கினது அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி இறக்கத்திலேயே வலது முட்டி மடங்க மறுத்தது. கல்லில் கால் வைக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டார். "வலிக்குதா?" என்று கேட்டதற்கு, "சேச்சே, நல்லாத்தான் இருக்கு. நீங்க நடங்க" என்றார். உட்காரலாமா என்றால் வேண்டாம் என்பார். பெண் வீட்டாருக்கு முன்னால் உட்காருகிற ஆள் இல்லை அவர். எனக்கும் அந்த நோய் கொஞ்சம் உண்டு என்பதால் புரிந்தது.

வளைவில் நிழலாக ஒரு இடம் வந்தது. உட்காருவதற்கு வாகாக ஒரு பாறையும் இருந்தது.

"செத்த நில்லுங்க சம்பந்தி, லேஸ் அவுந்துட்டு" என்று சொல்லிக் குனிந்தேன்.

லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை. நானே அவிழ்த்தேன். அவர் பாறையில் உட்கார்ந்து, காலை நீட்டி, நான் லேஸைப் பிரித்து முதலிலிருந்து கட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பைய கட்டுங்க சம்மந்தி" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்ல."